மத்தியான வெயிலில் மூச்சிளைத்த கார்

நான் மாட்டு டாக்டர். அரசு வேலையில் இல்லை, சொந்தமாகப் பார்க்கிறேன். வீடு பெரம்பலூரில். காலையில் வேப்பந்தட்டைப் பக்கம் சினை பார்க்கப் போனால், மத்தியானம் அரியலூரைத் தாண்டி எங்கோ ஒரு எருமை கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று போன் வரும். இந்த அலைச்சலுக்காகத்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கினேன். டர்போ வண்டி, இழுவை நன்றாக இருக்கும் என்று விற்றவர் சொன்னார். காலை நேரத்தில் அவர் சொன்னது உண்மைதான்.

சித்திரை மாத மத்தியானம் ஒன்றில் அரியலூர் ரோட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். லாரி ஊர்ந்தது. எதிரே ரோடு காலியாக இருக்கவும் வலப்பக்கம் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி போகவில்லை. லாரியின் பாதி நீளம்கூடக் கடக்கவில்லை, அதற்குள் வளைவில் ஒரு பஸ் தெரிந்தது. பிரேக்கை அழுத்திப் பின்வாங்கி மறுபடி லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பஸ் டிரைவர் ஜன்னல் வழியே கத்தியது காதில் விழுந்தது. ஓரமாக ஒரு வேலிக்காத்தான் மரத்தடியில் நிறுத்தினேன்.

பயம் அடங்கியதும் வேறொரு யோசனை பிடித்துக்கொண்டது. அன்று காலையில் அதே ரோட்டில், அதே மாதிரி லாரியை, இதே கார் சுலபமாகத் தாண்டியிருக்கிறது. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் வண்டிக்கு என்ன ஆனது?

என் கணவர் அரியலூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறார். சாயந்திரம் அவரிடம் சொன்னேன்.

"எடம் பாக்காம ஓவர்டேக் எடுத்துட்டு வண்டி மேல பழி போடாத. பயமா இருந்தா வித்துடலாம்" என்றார்.

"வித்துடலாங்க. ஆனா ஏன் இழுக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டு விப்போம்."

பெரம்பலூர் பைபாஸ் ஓரம் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் பாயிடம் காரைக் கொண்டுபோனேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவர் வீட்டு ஆடுகளுக்கு நான்தான் ஊசி போடுவேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வெயில் வந்தா மட்டும்தானே டாக்டரம்மா?" என்றார். ஆமாம் என்றதும் முன் பம்பரைக் கழற்றினார். இடது ஓரத்தில், விளக்குக்குப் பின்னால், செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சாமான் ஒளிந்திருந்தது.

"இதுதான் இன்டர்கூலர்."

டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது என்பது எனக்குத் தெரியும். அழுத்தினால் காற்று சூடாகும் என்பதை யோசித்ததே இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே கதைதான் என்றார் பாய். சூடான காற்று விரிந்துபோகும், அதே இடத்தில் கொஞ்சமாகத்தான் அடங்கும். காற்று குறைந்தால் டீசல் எரிவதும் குறையும். அதனால் இன்ஜினுக்குப் போகிற வழியில் அந்தக் காற்றை, வெளிக்காற்றைக் கொண்டு ஆற்றி அனுப்ப இந்தச் சாமான். வெளியே வீசுகிற காற்றே கொதித்தால் இது எதைக் கொண்டு ஆற்றும்?

"எருமை மாதிரி பாய். அதுக்கு வேர்வை கம்மி. குட்டையில போட்டாத்தான் மூச்சு சீராகும்" என்றேன்.

"உங்க காரு குட்டையில இல்ல, சுண்ணாம்புல கெடந்திருக்கு. பாருங்க." இன்டர்கூலரைத் திருப்பிக் காட்டினார். அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே வெள்ளைப் புழுதி களிமண்ணாய் அடைத்திருந்தது. நடுநடுவே வெட்டுக்கிளி இறக்கை, பருத்திப் பஞ்சு, ஒரு பட்டாம்பூச்சியின் மஞ்சள். நான் போய்வந்த ஊரெல்லாம் அதில் இருந்தன.

பாய் அதைக் கழுவி மாட்டினார். வண்டி தேறியது போலத்தான் இருந்தது. எனக்கு அந்த 'போல' பிடிக்கவில்லை. காய்ச்சல் குறைந்தது போல இருக்கிறது என்று மாட்டுக்காரர் சொன்னால், நான் தெர்மாமீட்டர் வைக்காமல் விடுவேனா? ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் ஒரு சின்னக் கருவியை வாங்கினேன். இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் சூட்டையும் வெளிக்காற்றின் சூட்டையும் அது போனில் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அரியலூர் ரோட்டில் ஓட்டினேன். அவர் அரைமனதோடுதான் வந்தார். முதலில் கொட்டாவியோடு எண்களை வாசித்தார். ரயில்வே கேட்டில் நின்றோம். நிற்க நிற்க எண் ஏறியது. கேட் திறந்ததும் மிதித்தேன், இன்னும் ஏறியது.

"அறுபத்தஞ்சு... ஏய், எழுபதும்மா! வெளிய நாப்பதுதானே இருக்கு?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தச் சூட்டுக் காத்தையா வண்டி முழுங்குது? திரும்பிப் போ, இன்னொரு தரம் பாப்போம்."

அதன்பிறகு காரை விற்பது பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

பெரிய இன்டர்கூலர் போடலாமா என்று பாயிடம் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அதை ரேடியேட்டருக்கு முன்னால்தான் வைக்க வேண்டும், ரேடியேட்டருக்குப் போகிற காற்றை அது மறைக்கும், குழாய் நீளமாவதால் மிதித்தவுடன் வண்டி ஒரு நொடி யோசிக்கும் என்றார். "ஒண்ணு வாங்குனா ஒண்ணு குடுக்கணும். பரவால்லையா?" பரவாயில்லை என்றேன். சூடு எவ்வளவு இறங்கும் என்று பார்க்கும் ஆசையில் எனக்கு அன்று எதுவுமே பரவாயில்லைதான்.

கோயம்புத்தூரில் செய்த புது இன்டர்கூலர் பஸ் பார்சலில் வந்து இறங்கியது. அலுமினியம், பழையதைப் போல மூன்று மடங்கு அகலம். பம்பருக்குள் இருந்த பிளாஸ்டிக்கை அறுத்து, ஹாரனை இடம் மாற்றி, பாய் அதை உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் ரப்பர் குழாயை மாட்டி கிளாம்ப் போட்டு முறுக்கினார்.

மறுநாளே திருமானூர்ப் பக்கமிருந்து போன். தலையீற்று எருமை, விடியலிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை. கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கும் என்று கேட்கும்போதே தோன்றியது. தாமதித்தால் இரண்டையும் இழக்க வேண்டும். கிளம்பினேன். வண்டி பறந்தது. திருமானூருக்குக் கொஞ்சம் முன்னால், மிதித்த மிதியில் 'டப்' என்று பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கறுப்புப் புகை. வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது.

ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். இன்டர்கூலரில் மாட்டிய ரப்பர் குழாய் கழன்று தொங்கியது; டர்போ அழுத்திய காற்று இன்ஜினுக்குப் போகவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. பாய்க்கு ஒரு போன் போட்டுவிட்டு எருமைக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்க அங்கயே நில்லுங்கம்மா, தோ வரேன்" என்றவர் மொபெட்டில் வந்து நின்றார். பையை மடியில் வைத்துக்கொண்டு கரும்பு வயல்களுக்கு நடுவே அவர் பின்னால் உட்கார்ந்து போனேன்.

கையை விட்டுப் பார்த்தேன், முறுக்கேதான். எருமையைப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் பலகையை வைத்து நான் ஏறி நிற்க, அக்கம்பக்கத்து ஆட்கள் காலைப் பிடித்து உருட்டினார்கள். முதல் தடவை அவிழவில்லை. இரண்டாவது தடவை கைக்கு வழி தட்டுப்பட்டது. கன்று வெளியே வந்து தும்மியபோது எருமைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காரின் நினைவே இல்லை.

கார் நின்ற இடத்துக்குப் பாய் பைக்கில் வந்து சேர்ந்தபோது சாயந்திரமாகியிருந்தது. குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்டர்கூலரின் வாயை விரலால் தடவினார்.

"மொழுக்குன்னு இருக்கு டாக்டரம்மா. ஓரத்துல வரப்பு மாதிரி ஒண்ணு இருக்கணும். அது இருந்தாத்தான் கிளாம்ப் புடிச்சு நிக்கும். மாட்டும்போது நானும் கவனிக்கல. அல்லா காப்பாத்துனான், உங்களுக்கு ஒண்ணும் ஆவல."

தற்காலிகமாக இறுக்கிவிட்டு, மெதுவாக ஓட்டச் சொல்லிப் பின்னாலேயே வந்தார். மறுநாள் அந்த வாயைச் சுற்றி வெல்டிங்கில் ஒரு வரப்பு வைத்தார். அதற்குப் பிறகு குழாய் கழலவே இல்லை.

அடுத்த ஞாயிறு நான் கூப்பிடுவதற்கு முன்பே கணவர் போனோடு காரில் உட்கார்ந்திருந்தார். வெயில் அதேதான். ரயில்வே கேட்டில் நின்றபோது எண் ஏறியது, ஆனால் நகர்ந்ததும் சரசரவென்று இறங்கி ஐம்பதுக்குக் கீழே நின்றது. மிதித்துக்கொண்டே போனாலும் பெரிதாக ஏறவில்லை. வண்டியின் இழுவை காலை நேரத்து இழுவையாக இருந்தது. பாய் சொன்னபடி மிதித்தவுடன் ஒரு நொடி யோசிக்கவும் செய்தது. டவுன் நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் முன்னைவிட அடிக்கடி சுற்றியது, ஏசியும் கொஞ்சம் மந்தமானது. "கூலர் வாங்குனதுக்கு நமக்கு வேர்க்குது" என்று கணவர் சட்டையை உதறிக்கொண்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மீன்சுருட்டியில் ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நல்ல மழையில் கணவர் எண்ணைப் பார்த்துவிட்டு, "உள்ள போற காத்தும் வெளிய இருக்குற காத்தும் ஒரே சூடு காட்டுதும்மா. கருவி கெட்டுப்போச்சா?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு சந்தேகம் வந்தது. டர்போ அழுத்திய காற்று கொஞ்சமாவது சூடாக இருக்க வேண்டாமா? மழைத்தண்ணீர் தகடுகளில் ஒட்டி, அது காய்ந்து போகிறபோது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறதா? இல்லை, மழையென்று நான் மெல்ல ஓட்டுவதால் டர்போவுக்கே வேலை இல்லையா?

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, பம்பர் இடுக்கில் விரலை விட்டு இன்டர்கூலரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. தகடுகளில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. கணவர் குடையோடு வந்து என் தலைக்கு மேல் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என் பக்கத்தில் குனிந்து வலது கை விரலை இடுக்கில் விட்டார்.