புடவைக்கு ஷூ

நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்கப் போயிருந்தேன். முன்பக்கம் அகலம், குதிகாலில் மெத்தை, எடை குறைவு என்று போனில் குறித்து வைத்திருந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் எழுந்த புது ரப்பர் வாசனையில் அம்மாவின் ஷூ ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. தினமும் நடக்கச் சொன்ன டாக்டர், காலில் புண் வந்தால் ஆறாது, ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். புடவைக்கு ஷூ போட்டுத் தெருவில் இறங்க அம்மாவுக்குக் கூச்சம். முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து செருப்போடு நடந்து வந்து, பீச் ரோட்டில்தான் ஷூவை மாட்டுவாள். ஷூ இருக்கும் பையைத் தூக்கி வருவது என் வேலை.

ஒரு மாலை பக்கத்து வீட்டு மல்லிகா ஆன்ட்டி எதிரே வந்துவிட்டார்.

"இன்னாடி இது, ஷூவெல்லாம்?"

"பாப்பாவுக்கு வாங்கினதுக்கா. சும்மா போட்டுப் பாக்குறேன்."

ஆன்ட்டி என் காலைப் பார்த்தார். "நாலாவது படிக்கிற புள்ளைக்கு இம்மாம் பெரிசா? நடக்கிறதுக்குன்னு சொல்லேன். எனக்குந்தான் காலு நோவுது. எந்தக் கடையில வாங்கின?"

மறுநாள் அம்மா வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து லேஸ் கட்டினாள். நான் வழக்கம்போல் பையை எடுத்தேன்.

"அது எதுக்கு? உள்ள வெச்சிட்டு வா," என்றாள்.