இடப்பக்கம் வாய் திறந்த சங்கு

அருங்காட்சியகக் களஞ்சியத்தில், கல்லாகிப்போன சங்குகளைப் பழைய தட்டுகளிலிருந்து புதுப் பெட்டிகளுக்கு மாற்றுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும், லண்டனின் மிச்சம் பகுதியிலிருந்து வரும் அவளும். அவள் பிரான்சில் படித்தவள். அந்தக் காலத்துக் கையெழுத்தையும் லத்தீன் பெயர்களையும் கடகடவென்று வாசிப்பாள். எங்கள் பொறுப்பாளர் அம்மா எதற்கும் அவளையே கூப்பிடுவார். நான் ஊரில் ஓ.எல். பரீட்சை வரை மட்டும்தான், தூசி துடைப்பேன். அவள் வாசிக்கும் குரல் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அப்போது ஒரு சங்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒருவர் அதற்குப் பெயர் வைத்து, விவரித்து எழுதி, படமும் போட்டிருந்தார். அவர் பார்த்து எழுதிய அதே சங்குதான் அந்தப் பெயருக்குச் சாட்சி. அது பெயர்ச்சீட்டில்லாமல் எங்கோ கலந்து கிடந்தது. அவள் படத்தின் நகலை மேசையில் ஒட்டிவைத்துத் தேடினாள். படத்தில் வாய் இடப்பக்கம்; உதட்டில் ஓர் உடைவு. அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

நான் வீட்டில் பிளவுஸ் தைப்பவள். துணியைப் புரட்டிப்போட்டு வெட்டினால் வலக்கை இடக்கையாகிவிடும். கல்லில் வரைந்து அச்சடித்தது என்று அவள் சொன்ன அந்தப் படமும் அப்படிப் புரண்டிருக்குமோ என்று ஒருநாள் தோன்றியது. கைப்பைக் கண்ணாடியைப் படத்துக்கு நேரே பிடித்தேன். வாய் வலப்பக்கம் போனது. அப்படி வாய் திறந்து உதடு உடைந்த சங்கு ஒன்றை நான் முன்பே துடைத்திருந்தேன்.

இரண்டு நாள் சொல்லவில்லை. அவள் தேடட்டும் என்று இருந்தேன். மூன்றாம் நாள், தேடியது போதும் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். சங்கை எடுத்து அவள் மேசையில் வைத்தேன்.

"உது எங்கை கிடந்ததக்கா?"

"கீழ்த் தட்டிலை. படத்தைக் கண்ணாடியிலை பாரும்."

பார்த்தாள். "வாயே திறக்காமல் இருந்து ஆளைக் கொல்லுறியள். வாங்கோ, அவவுக்குச் சொல்லுவம்."

புதுச் சீட்டில், அடையாளம் கண்டவரின் பெயரையும் எழுதுவது அங்கே வழக்கம். பொறுப்பாளர் பேனாவை எடுத்து, யார் கண்டது என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடாகியது.

"நான் இல்லை, இவதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "என்ன விசர் வேலை அக்கா? வாங்கோ, மாத்துவம்."

"ஏலாது. எழுதியாச்சு, விடும்."

அங்கே பழைய சீட்டை எறியமாட்டார்கள்; புதியதன் அடியில் வைப்பார்கள். மாற்றினாலும் என் பெயருக்கு அடியில் அவள் பெயர் கிடக்கும். அதையும் என்னால் பொறுக்க முடியாது.

இப்போதும் அந்தத் தட்டை நான்தான் துடைக்கிறேன். முதலில் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.