கொடியில் பூச்சேட்டு

எட்டு வயதில் எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது: என்னில் மணம் அடித்தது. எங்கள் பக்கத்தில் மணக்குது என்றால் நாறுது என்றுதான் அர்த்தம், மல்லிகை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் "நீ மணக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருந்தால் நானும் நாலு சொல் சொல்லியிருப்பேன். நோயாளியிடம் இருந்து விலகுவதுபோல மரியாதையாகப் போனாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

குற்றமெல்லாம் மாமியின் அலுமாரியில். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. மாரி தொடங்கினால் சுவர் வியர்க்கும், தலையணைகூட ஈரமாய்க் கிடக்கும். அப்பாவின் அக்காவான மாமியும் நானும் ஒரே அறை. அவருடைய அலுமாரி நிறைய மாமாவின் உடுப்புகள். மாமா அவுஸ்திரேலியாவுக்கென்று படகேறிப் போனவர். அதற்குப் பிறகு அந்தப் படகைப் பற்றியும் கதை இல்லை, அதில் போனவர்களைப் பற்றியும் கதை இல்லை. அந்த உடுப்புகளை மாமி ஒருவரையும் தொட விடமாட்டார், தானும் தொடமாட்டார். அலுமாரியைப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியோடு ஊசியால் குத்தி வைத்திருந்தார். உள்ளே பூஞ்சணம் பிடித்து, அந்த மணம் என் பள்ளிக்கூடச் சட்டை வரைக்கும் வந்து சேர்ந்தது.

இதில் பகிடி என்னவென்றால், மாமிக்கு வேலையே உப்புவெளியில் ஒரு விடுதியில் உடுப்புத் தோய்ப்பது. மாரி முழுக்க அடைந்து கிடந்த விரிப்பும் துவாயும் அவர் கை பட்டால் மணம் போய்விடும். வினாகிரி விட்ட தண்ணீரில் ஊறப்போடவேண்டும், சுள்ளென்ற வெயிலில் காயவிடவேண்டும், ஈரம் இருக்க மடிக்கவே கூடாது, அடுக்குக்குள் ஒரு பேணியில் சிரட்டைக்கரி வைக்கவேண்டும். அவர் வாயால் கேட்டுக் கேட்டே எனக்கு அது பாடம். ஊரார் துணிக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் தன் அலுமாரியை மட்டும் பூட்டியே வைத்திருந்தார்.

அப்பா ஒருமுறை தயங்கித் தயங்கி, மாமாவுக்குக் கிரியை செய்துவிடலாமோ என்று கதையை எடுத்தார். மாமி பாதிச் சாப்பாட்டில் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு அப்பாவோடு அவர் முகம் கொடுத்துக் கதைக்க ஒரு மாரி கழிந்தது.

தை பிறந்து நல்ல வெயில் எறித்த ஒரு நாள், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நான் அழுதுகொண்டு நிற்க, அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மாமி வேலைக்குப் போனதும் அலுமாரியைத் திறந்தார். திறப்பு வேண்டியிருக்கவில்லை. பூட்டு பெயருக்குத்தான், ஈரத்தில் ஊதிப்போன கதவைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால் தானாகத் திறக்கும்.

மாமா ஆடம்பரமான ஆள் இல்லை. ஆனால் போடுகிற சேட்டு என்று வந்தால் அதில் பெரிய பெரிய செவ்வரத்தம்பூ இருக்கவேண்டும். ஆளும் பெரிய ஆள். எங்கள் ஒழுங்கையில் வேறு ஒரு ஆண்பிள்ளை அந்தச் சேட்டுகளைப் போடத் துணியமாட்டான், போட்டாலும் உள்ளே இன்னொருவருக்கு இடமிருக்கும். அம்மா அவற்றை வினாகிரியில் ஊறப்போட்டு, சவர்க்காரம் போட்டுக் கும்மி, பின்வளவில் மாமர நிழல் என்றபடியால் முன்வேலிப் பக்கம் கொடி கட்டிக் காயப்போட்டார். மாமி வருமுன் மடித்து உள்ளே வைத்துவிடலாம் என்று அம்மா நினைத்தார். பூச்சேட்டுகள் ஒழுங்கையைப் பார்த்தபடி சொட்டச் சொட்டத் தொங்கின.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவுக் காவல் வேலை. விடிய வந்து, பகலில் எங்கள் அறைதான் இருட்டு என்று மாமியின் கட்டிலில் தலையோடு போர்த்துக்கொண்டு படுப்பார். அன்றைக்கும் அப்படித்தான் படுத்திருந்தார்.

முன்வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொடியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஆள் வந்திட்டாரோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம், விடியத்தான் வந்தவர். நல்ல நித்திரை," என்றார் அம்மா, கை நுரையை வழித்துக்கொண்டு.

எங்கள் பெண்கள் புருசன்மாரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆள் என்பார்கள், அவர் என்பார்கள், மிஞ்சினால் பிள்ளையின்ர அப்பா என்பார்கள். அம்மாவுக்கு ஆள் என்றால் அப்பா. முன்வீட்டு அக்காவுக்கு அந்த நேரம் ஆள் என்றால் அந்தப் பூச்சேட்டுகளின் சொந்தக்காரர். அவர் உள்ளே ஓடி, மாமியின் விடுதிக்கே போன் எடுத்துவிட்டார். ஒழுங்கையால் போன இரண்டொருவர் நின்று, கடவுள் கண் திறந்திட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில் எறித்ததற்கு ஏன் இந்தச் சனம் இவ்வளவு சந்தோசப்படுகிறது என்று அம்மா யோசித்திருப்பார்.

நான் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வாசலில் நின்றேன். ஒழுங்கை திரும்புகிற முடக்கில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பஸ்ஸைத் தவிர வேறொன்றிலும் ஏறாத மாமி அதிலிருந்து இறங்கினார். அங்கிருந்தே கொடி தெரியும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. மாமியிடம் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. முழங்கை வரைக்கும் சவர்க்காரம் காய்ந்திருந்தது. சேட்டுகளுக்குக் கீழால் குனிந்து வந்தபோது தலையில் சொட்டிய தண்ணீரையும் அவர் துடைக்கவில்லை.

மச்சாள் என்று அம்மா எதையோ சொல்ல வாயெடுக்குமுன் அவர் அறைக்குள் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். கட்டிலில் ஒரு ஆள் தலையோடு போர்த்துக்கொண்டு கிடந்தார். போர்வைக்கு வெளியே பாதம் இரண்டும் தெரிந்தன. அப்பாவின் பாதம் சின்னது, குதி வெடித்தது. மாமி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் காணவில்லை. பிறகு, தம்பி எழும்பிவிடக்கூடாது என்பதுபோல, போர்வையை மெல்ல இழுத்து அந்தப் பாதங்களை மூடிவிட்டு வெளியே வந்தார்.

அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தலையில் கை வைத்து அழத் தொடங்கினார். மாமி அழவில்லை. வாசற்படியில் இருந்துகொண்டு கொடியைப் பார்த்தார்.

"ஆரார் மச்சாள் கேட்டவை?"

அம்மா விக்கி விக்கி ஒவ்வொருவராகச் சொன்னார்.

"எல்லாரும் நம்பினவையோ?"

"ஓம் மச்சாள்."

"அப்ப இண்டைக்கு எடுக்காதேங்கோ. கிடக்கட்டும்."

உண்மை பொழுதுபடமுன்பே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. என் சட்டையில் மணம் போய், கதிரையோடு போனவள் கதிரையோடு திரும்பி வந்தாள். எனக்குப் பெரிய வெற்றி.

ஆனால் அந்த வெற்றியை மாமியே கெடுத்தார். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகுமுன் ஒரு பூச்சேட்டை எடுத்து என்னிடம் தந்துவிட்டுப் போவார். பின்னேரம் அவர் வருகிற நேரத்துக்கு அதை வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல், அன்றைக்குப்போலச் சொட்டச் சொட்ட முன்வேலிக் கொடியில் போடவேண்டும். எனக்குச் சரியான கோபம். காய்ந்த சேட்டை எதற்கு நனைப்பது? வெயில் போன பிறகு எப்படிக் காயும்? ஈரம் இருக்க மடிக்காதே என்று சொன்னவரே அதை அரை ஈரத்தோடு மடித்து உள்ளே வைத்தார். அடுத்த மாரிக்கு முன்பே பழைய மணம் திரும்பி வந்தது. மாமி, இப்படி நனைத்தால் மணக்கும் என்று எத்தனையோ தரம் சொன்னேன்.

"மணக்கட்டும் பிள்ளை," என்றார்.

கால் நிலத்தில் படாமல் நடக்கிற மாமி சனிக்கிழமைகளில் மட்டும், அன்றைக்கு ஓட்டோ நின்ற அந்த முடக்கில் இருந்து மிக மெதுவாக வருவார். வேலி வேலியாக நின்று, கொடியைப் பார்த்துப் பார்த்து வருவார். முகத்தில் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இருக்கும். படலையடிக்கு வந்ததும் அது போய்விடும். வேலை செய்த களைப்பு, கால் நோகிறதாக்கும் என்று நான் நினைத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கெதியா வாங்கோ மாமி, கெதியா வாங்கோ என்று படலையில் நின்று கத்துவேன். கத்தக் கத்த அவர் இன்னும் மெதுவாகத்தான் வந்தார். ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.