மெழுகில் நிற்கும் வீடு

பீங்கான் நாயின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்க்கிறார் தோன் அனிபால். அசையவில்லை. அடுத்து நிற்கும் ஆடு மேய்க்கும் சிறுமியும் அசையவில்லை. மூன்றாவதாக ஒரு பழைய அத்தர் புட்டி. "ஆடுதே," என்கிறார், பல் காட்ட வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல. சட்டைப் பையிலிருந்து ரோஸ் நிற மெழுகைக் கிள்ளி, உருட்டி, புட்டியின் அடியில் வைத்து அழுத்துகிறார். காலைக் காப்பிக்கு முன்னால் கூடம் முழுவதும் இப்படி ஒரு சுற்று வந்தாக வேண்டும் அவருக்கு.

தொழில், பல் செட் செய்வது. வல்பராய்சோ துறைமுக நகரத்தில் எங்கள் குன்றில் இருக்கும் வயதானவர்களில் பாதிப் பேர் அவர் கொடுத்த பற்களால்தான் சிரிக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, தட்டு நிறைய யாருடையவோ ஈறுகளின் அச்சு. ஈறு அச்சுக்கு வரும் மெழுகுதான் கூடத்துக்கும் போகிறது. அவர் மனைவி மிரேயாவுக்கு இதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியாது. "ஊரான் வாய்க்குப் போக வேண்டியத எடுத்து பொம்மை காலுக்கு ஒட்டுறான் கெழவன். ஒருநாள் இந்த நாயி எந்திரிச்சு எலும்பு கடிக்கப் போகுது பாரு."

எனக்குப் பழைய சாமான் என்றாலே ஆகாது. முன்பின் தெரியாத யாரோ முகம் பார்த்த கண்ணாடியில் நான் ஏன் தலை சீவ வேண்டும்? ஆனாலும் அடுத்த வீட்டுக்காரி என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மதியத்துக்குமேல் கடல் பக்கத்து வெயில் அந்தக் கூடத்துக்குள் வரும்போது, உட்கார்ந்தவர்களுக்கு எழுந்து போக மனம் வராது. ஜன்னலோரம் நிறக் கண்ணாடிச் சாமான்களைத் தவிர வேறு எதையும் வைக்க மாட்டார். கப்பல் கடிகாரங்கள் எல்லாம் ஒரே சுவரில் தொங்கும், ஒன்றுகூட ஓடாது. "ஓட விட்டா ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்டுக்கும், எல்சிரா," என்பார் என்னிடம். முலாம் உரிந்த கண்ணாடிச் சட்டத்தை, உரிந்த மூலை வாசலுக்குத் தெரியும்படி மாட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "புதுசுன்னு யாரும் நெனச்சிடக் கூடாதுல்ல" என்று பதில்.

புதிதாக ஒன்று வந்தால் அதை எங்கே வைப்பது என்று முடிவாக நாளாகும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு அறை அறையாக நடப்பார். பெண் பார்க்க வந்த வீட்டில் நடப்பதுபோல ஒரு கூச்ச நடை. "எங்க நிக்கணும்னு அதுவே சொல்லும். நாம அவசரப்படுத்தக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே சாமான்களைக் கவிழ்த்து வைத்துக் கேலி செய்வார்கள். எதை எடுத்தாலும் முதலில் அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார். "மூஞ்சி எல்லாத்துக்கும் நல்லாத்தான் இருக்கும். உக்காருமான்னு பாக்கணும்ல." ஒரு தடவை அவருடைய தம்பி மகன் தனக்கு நிச்சயித்த பெண்ணை அழைத்து வந்தான். அந்தப் பெண் பாவம், மரியாதைக்குச் சர்க்கரைக் கிண்ணத்தை எடுக்கப் போனாள். கிண்ணத்தோடு தட்டும், தட்டோடு மேசை விரிப்பும் சேர்ந்து எழுந்தன. "அது எடுக்கிறதுக்கு இல்லம்மா, பாக்கிறதுக்கு," என்றாள் மிரேயா. "இந்த வீட்ல எங்க ரெண்டு பேரத் தவிர எல்லாத்தையும் ஒட்டி வச்சிருக்கான்."

சிரிப்புக்குச் சொன்னாலும் அந்த ஒட்டு வேலை சும்மா வந்ததில்லை. முன்பு வந்த பெரிய நிலநடுக்கத்தில், அவர்கள் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி மிரேயாவின் தலையணைமேல் விழுந்து நொறுங்கியது. தாகம் எடுத்து அவள் அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். அன்று அவள் கத்தவில்லை, அழவில்லை. "இனி ஒரே ஒரு சாமான் விழட்டும், நான் கியோத்தா ஊருக்கு, என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்," என்றாள். தங்கை வீட்டுச் சுவரில் ஒரு காலண்டரைத் தவிர எதுவும் கிடையாது. மிரேயா வாய்ப்பேச்சுக்காரி அல்ல. சிகரெட்டை விடுகிறேன் என்று சொன்ன அன்றே விட்டவள். தோன் அனிபால் மறுநாள் மெழுகுப் பொட்டலத்தோடு கூடத்துக்கு வந்தார்.

அதன் பிறகு பூமி லேசாக உதறிய நாளில் எல்லாம் அந்த வீட்டில் பரிசோதனைதான். மிரேயா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று மேலும் கீழும் பார்ப்பாள். அவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்போலப் பின்னால் நிற்பார். எதுவும் விழுந்ததில்லை. ஆனால் அவையெல்லாம் சின்ன ஆட்டம்; அதற்கு நாங்கள் கையில் இருக்கும் கோப்பையைக்கூடக் கீழே வைப்பதில்லை. பெரியது வரும்போது தெரியும் என்று தெருவே பேசிக்கொண்டது. நானும்தான் பேசினேன்.

போன மாதம் அது வந்தது. சாயங்காலத் தேநீர் வேளை. முதலில் நாய்கள் ஊளையிட்டன, பிறகு தரைக்கு அடியிலிருந்து லாரி போகிற மாதிரி சத்தம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் தெருவுக்கு ஓடினோம். மின்கம்பங்கள் ஆடின. கீழே துறைமுகத்தில் சங்கு ஊதியது. ஆட்டம் அடங்கிய பிறகும் தோன் அனிபாலின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாம் முடிஞ்சு போச்சு. பயப்படாதீங்க," என்றேன்.

"நீலக் கூஜா, எல்சிரா," என்றார் தாழ்ந்த குரலில். "ஞாயித்துக்கிழம வாங்கினது. அதுக்கு இன்னும் எடம் அமையல. மெழுகு வைக்கல."

அடுப்பு எரிவாயுவை மூட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. மிரேயா வாசலைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். பழைய சாமான் ஆகாத நான், ஒரு கூஜாவுக்காக மாதாவை வேண்டிக்கொண்டேன்.

அவர் வந்தார். முழங்காலில் தூசி. பல் வேலைக்கு மாட்டும் பூதக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. கையில் ஒரு சமையலறைத் துணி மூட்டை. குப்பையில் போட்டு மூடியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் மனைவிக்கு நேராக வந்து மூட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நீலச் சில்லுகள்.

"ஒண்ணு விழுந்துருச்சு, மிரேயா." வழக்கம்போலக் கெழவி என்று கூப்பிடவில்லை.

"மத்தது?"

"நிக்குது."

"எல்லாமா?"

"எல்லாமே."

அவள் ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு மெழுகு வச்சியா?"

"வைக்கல."

"ஏன்?"

"எங்க நிக்கணும்னு அது இன்னும் சொல்லல."

"அப்ப தப்பு அதோடது," என்றாள் மிரேயா. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"தரையில?" என்று கேட்டாள்.

"முட்டி போட்டுப் பொறுக்கிட்டேன். பூதக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு மூல முடுக்கெல்லாம் தேடிட்டேன். ஒரு தூள் கெடையாது."

ஆட்டம் வந்து போன வீட்டுக்குள் எங்கள் ஊரில் எவரும் காலணி இல்லாமல் நுழைவதில்லை. இடிந்த சுவரைவிட உடைந்த கண்ணாடி குத்தி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்தான் இங்கே அதிகம். எதிர்வீட்டு பெர்த்தாகூட, "ஷூவோட போங்க மிரேயா, பாத்து," என்று மாடியிலிருந்து சத்தம் கொடுத்தாள்.

மிரேயா கணவரின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு ஷூவைக் கழற்றினாள். பிறகு மற்றதை. காலுறைகளையும் உருவி ஷூவுக்குள் திணித்து, இரண்டையும் தெருவிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நடந்து போனாள்.