விரல் நுனிவரை தண்டவாளம்

என் ஓரகத்தியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காஜாக்காரி என்றால்தான் தெரியும். கடையிலிருந்து கோட்டுகள் மூட்டையாக வரும். பட்டன் நுழைகிற துளையை, அதாவது காஜாவை, கையால் கட்டிக்கொடுப்பது அவள் வேலை. துணியைக் கீறி, ஓரத்தில் ஒரு கெட்டி நூலைப் படுக்கவைத்து, அதன்மேல் முடிச்சு முடிச்சாக நெருக்கிக் கட்டுவாள். முடித்ததும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத முடிச்சு ஒன்று தூக்கியிருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே பிரித்துவிடுவாள். கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டாள்.

அவள் மாடியில், நான் கீழே. அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்தான். எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. சதைத் துண்டை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி டாக்டரிடம் கொடுப்பேன். "அந்தக் கையாலதான் வந்து சமைக்கிறா, என் கொழுந்தன் பாவம்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. வாய்க்கு வாய் கொடுத்தேன்.

அவள் மார்பில் வந்த கட்டியும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்தது.

செல் என்றால் ஏதோ தண்ணீர்ப் பை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் நாமெல்லாம் சரிந்து தரையில் ஓடியிருப்போம். ஒவ்வொரு செல்லுக்கு உள்ளேயும் நார்களால் ஆன ஒரு சட்டகம் உண்டு. தோலை ஒட்டினாற்போல் மெல்லிய நார்கள். செல்லின் உருவமும் ஊர்ந்து நகர்வதும் அவற்றின் பொறுப்பு. அடுத்தது, இழுத்தாலும் அறாத நடுத்தர நார்கள். மூன்றாவதாகச் சற்றுத் தடித்த நுண்குழாய்கள். புற்றுநோய் செல் உருவம் கெட்டு அடையாளம் தெரியாமல் போனாலும், அந்த நடுத்தர நார் பெரும்பாலும் பிறந்த வீட்டை மறப்பதில்லை. அதற்கென்று இருக்கும் சாயத்தை ஏற்றினால், எந்த உறுப்பில் பிறந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். அவள் தகட்டுக்குச் சாயம் ஏற்றியதும் நான்தான். பழுப்பு நிறம் பிடித்தது. மார்பில் பிறந்த புற்றுதான், வேறெங்கிருந்தும் வந்ததல்ல. அன்று நான் வீட்டுக்குப் போய் நேரே மாடி ஏறினேன். எங்களுக்குள் சண்டை இல்லாமல் நான் மாடி ஏறியது அதுதான் முதல் தடவை.

அறுவை முடிந்தது. பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். நான்தான் கூடப் போவேன். அவள் கணவருக்குப் பஸ் ஓட்டும் வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"கை, கால் மரத்துப்போகுதாம்மா?"

"இல்ல டாக்டர்."

"பட்டன் போட முடியுதா?"

இதைக் கேட்டதும் அவள் ஸ்வெட்டரின் பட்டன்களை மளமளவென்று கழற்றி மளமளவென்று போட்டுக்காட்டுவாள். டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த மருந்துக்கு எழுதிக்கொடுப்பார். எனக்கும் நிம்மதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டல் சர்வர்கள் போடும் வெள்ளைக் கோட்டு ஒன்றுக்குக் காஜா கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாத அடிப்பக்கத்தில், கோட்டின் ஓரம் நெடுகச் சிவப்புப் பொட்டுகள்.

"அக்கா, என்ன இது ரத்தம்?"

"எங்கடி?"

நான் அவள் இடதுகையைத் திருப்பினேன். ஆள்காட்டி விரல் சதையில் ஒரு குண்டூசி தலைவரை ஏறி நின்றது. துணியில் குத்தி வைத்திருந்ததை எப்போதோ விரலோடு சேர்த்து அழுத்தியிருக்கிறாள். அவளுக்குத் தெரியவே இல்லை.

"எத்தன நாளா இப்படி?"

"கத்தாத. ரெண்டாவது மருந்துலேருந்து."

"அப்ப பட்டன் எப்படிப் போட்ட?"

"கண்ணாலதான். விரல் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதா? பாத்துக்கிட்டே பண்ணா தானா வருது." அதில் கொஞ்சம் பெருமை வேறு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மருந்து ஏத்துற எடத்துல என் பக்கத்துல ஒருத்தி வருவாளே, அவ மரத்துப்போகுதுன்னு சொன்னா. மருந்தக் கொறச்சாங்க. கட்டி திரும்ப வந்துடுச்சு. உசுரா வெரலானு யாரும் என்னக் கேக்கல. நானே கேட்டுக்கிட்டேன், நானே உசுருன்னு சொல்லிட்டேன். நீ வாயத் தெறந்த, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஊசியைப் பிடுங்கி, விரலைக் கட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்தேன்.

"இங்க பாரு. நீ கோட்டுத் துணியச் சேத்துப் பிடிக்க ஓட்டுத் தையல் போடுவல்ல? வேல முடிஞ்சதும் உருவிடுவ. செல்லுக்குள்ள இருக்குற குழாயும் அப்படித்தான். கட்டும், பிரிக்கும், திரும்பக் கட்டும். ஒரு செல்லு ரெண்டாப் பிரியுறப்ப அந்தக் குழாய்ங்கதான் கயிறு மாதிரி ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்கும். இந்த மருந்து போயி, கட்டுனதப் பிரிக்க விடாமப் பண்ணிடும். கட்டியில இருக்குற செல்லு பிரிய முடியாமச் செத்துப்போகும்."

"அதத்தான நானும் சொல்றேன். நல்லது பண்ணுதுல்ல?"

"முழுசாக் கேளு. உன் விரல்ல இருக்குற நரம்பு எங்க தொடங்குது தெரியுமா? கழுத்துக்கிட்ட. அங்க உக்காந்திருக்குற ஒரு செல்லுதான் விரல் நுனிவரைக்கும் கைய நீட்டிக்கிட்டிருக்கு. நுனிக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்தக் குழாய் மேலதான் போகணும். அதுதான் தண்டவாளம். மருந்து அதையும் கெடுக்குது. சரக்கு நுனிக்குப் போய்ச் சேரல. விரல் பட்டினி கிடக்குது. இதுக்கு மேல போனா அப்புறம் உணர்ச்சி திரும்பி வராமலே போகலாம். கால்லயும் அதே கததான். மாடிப்படியில உருண்டு விழுந்தா உசுர யார் காப்பாத்துவா?"

"வர்றது வரட்டும். சொல்லாத" என்றாள்.

நான் சொன்னேன். அடுத்த முறை டாக்டர் வழக்கம்போலப் பட்டன் பற்றிக் கேட்டார். அவள் ஸ்வெட்டரில் கை வைத்தாள். "கண்ண மூடிக்கிட்டுப் போடச் சொல்லுங்க டாக்டர்" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். கண்ணை மூடினாள். விரல்கள் ஸ்வெட்டர்மேல் அலைந்தன. பட்டன்மேல் விரல் நின்றது. நின்றது அவளுக்குத் தெரியவில்லை, தாண்டிப் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி தாண்டியது. பிறந்ததிலிருந்து ஊசி பிடித்த கை அது. எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். மருந்தின் பெரும்பகுதி ஏறிவிட்டது என்றும், மீதியைக் குறைந்த அளவில் இடைவெளி விட்டு ஏற்றலாம் என்றும் பொறுமையாகச் சொன்னார். பக்கத்து நாற்காலிக்காரியைப் பற்றி நான் சொன்னதும், அவள் நோய் வேறு, உன் நோய் வேறு என்றார்.

வீட்டுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தாள். "கூட இருந்தே குழி பறிச்சிட்டல்ல? எனக்கு ஏதாவது ஆச்சு, பாவம் உன்னச் சும்மா விடாது."

அதன் பிறகு என்னோடு பேச்சே இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் கணவரிடம் "உங்க தம்பி பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க" என்பாள், நான் எதிரிலேயே நின்றாலும். மீதி மருந்தை ஏற்றப் போகும்போதும் நான்தான் கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். அவள் சொன்ன சாபம் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. ஸ்கேன் எடுக்கும் நாளெல்லாம் எனக்கு வேலையே ஓடாது. உண்மையில் ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

கடைசி மருந்து முடிந்தும் விரல் மரமாகத்தான் இருந்தது. கடையிலிருந்து மூட்டை வருவது நின்றது. ஸ்கேன் மட்டும் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது. அதற்கும் அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை.

பல மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம் லேபிலிருந்து வந்தேன். என் லேப் கோட்டில் ஒரு பட்டன் தெறித்து விழுந்திருந்தது. பழைய பட்டன்கள் கிடக்கிற டப்பாவைக் கிளறி, அளவு சரியாக இருந்த ஒன்றை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவள் எதிரே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

நான் பட்டனை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டினாள்.

"நாலு ஓட்டை" என்றாள். இன்னும் ஒருமுறை உருட்டினாள். "ஒரு ஓட்டையோட ஓரம் ஒடஞ்சிருக்கு. இதத் தச்சா ரெண்டே நாள்ல நூல அறுத்துடும். கண்ண எங்க வச்சிருந்த?"

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் தடவினேன். உடைந்துதான் இருந்தது.

"கோட்டக் கொடுடி, நான் தச்சுத் தரேன்" என்றாள் அக்கா.