இருபது காகித வளையங்கள்

எங்கள் ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மூன்று மாதம் தங்கியிருந்தாள் என்று சொன்னால், இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் நம்புவதில்லை. நீடாமங்கலத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடக்க வேண்டிய ஊர். அங்கே சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவள் சுற்றிப் பார்க்க வரவில்லை. எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தாள்.

ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்தியது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துப்போவார்கள். ஊருக்கு அது பால்வாடிதான். அங்கே சமைத்துப்போடுவதும் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவதும் என் அத்தை, அப்பாவின் அக்கா. அந்த வெள்ளைக்காரப் பெண் பள்ளிக்கூடம் முடித்தவள், கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு வருடம் இடைவெளி விட்டு வெளிநாட்டுப் பிள்ளைகளோடு இருக்க வந்திருக்கிறாள் என்று நிறுவனத்து சார் அவளைப் பற்றி விளக்கினார். ஊர் தலையாட்டியது, நம்பவில்லை. எங்கள் பக்கம் பன்னிரண்டாவது முடித்த பெண் ஒரு வருடம் சும்மா இருந்தால் ஒன்று கல்யாணம் நிச்சயமாகியிருக்க வேண்டும், இல்லை பெயிலாகியிருக்க வேண்டும். கல்யாணக் களை ஒன்றும் தெரியாததால் பெயில் என்று முடிவானது. "பாவம், கணக்குலதான் போயிருக்கும்" என்று அத்தை பரிதாபப்பட்டு அவள் தட்டில் மட்டும் இரண்டு முட்டை வைத்தாள். பிள்ளைகள் நாங்கள் அவளை வெள்ளக்கா என்று கூப்பிட்டோம்.

அம்மா அப்போது குவைத்தில் இருந்தாள். இரண்டு வருடமாக ஆற்றில் தண்ணீர் சரியாக வராமல், அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் வெடித்துக் கிடந்தது. ஒரு பெரிய வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தஞ்சாவூர் ஏஜெண்ட் ஒருவர் சொன்னார். அம்மா போனாள். எங்களை விட்டுவிட்டு அவள் வேறு நாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போக, எங்களைப் பார்க்க வேறு நாட்டிலிருந்து ஒருத்தி வந்ததில் என்னவோ கோணல் இருக்கிறது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. எட்டு வயதில் அது எனக்குச் சரியான ஏற்பாடாகவே பட்டது.

அம்மா போனது தைப் பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம். தம்பிக்கு அப்போதுதான் மூன்று வயது முடிந்திருந்தது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் கிடையாது. சொன்னால் ஏக்கம் பிடித்துக்கொள்ளும், ஏக்கத்தில் காய்ச்சல் வரும், காய்ச்சலில் பிள்ளை துரும்பாகிவிடும். அதனால் தூங்கும்போது கிளம்ப வேண்டும், இல்லையென்றால் கண்மறைவாக நழுவ வேண்டும். அம்மா அவனை மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தாள். முந்தானையைப் பிடித்திருந்த அவன் கையை விரல் விரலாகப் பிரித்துவிட்டு வேனில் ஏறினாள். அவன் விழித்ததும் அத்தை, "கடைக்குப் போயிருக்கு, வந்துடும்" என்றாள். நாலு நாளில் அந்தக் கடை பொய் என்று அவனுக்கே தெரிந்துபோனது. பிறகு, "பிளேன்ல போயிருக்கு, பிளேன்லயே வந்துடும்" என்றாள். அதிலிருந்து வானத்தில் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடுவான்.

பங்குனியில் வெள்ளக்கா வந்தபோது அவன் யாரிடமும் பேசுவதை ஏறக்குறைய விட்டிருந்தான். அவளிடம் எப்படியோ ஒட்டிக்கொண்டான். அவளுக்குப் பிள்ளையை இடுப்பில் வைக்கத் தெரியாது. மூட்டையைப் போல முன்னால் கட்டிக்கொள்வாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாப்பிடு, போதும், அழாதே என்று ஏழெட்டு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு அவள் அவனோடு நாள் முழுக்கப் பேசினாள். அவனும் பேச ஆரம்பித்தான். கோடை விடுமுறையில் அத்தைக்கு ஒத்தாசையாக நானும் பால்வாடியிலேயே கிடந்ததால் இதெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் கிளம்ப இருபது நாள் இருக்கும்போது கலர்ப் பேப்பரை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக இருபது வளையம் ஒட்டி, சங்கிலியாக ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். தினம் சாயங்காலம் ஒரு பிள்ளை ஒரு வளையத்தைக் கிழிக்க வேண்டும். கிழித்ததை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாள். சங்கிலி தீர்ந்தால் தான் ஊருக்குப் போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குகிறாளாம். அது அவர்கள் ஊர் வழக்கம் என்று சார் என்னிடம் சொன்னார். பிள்ளைகளுக்குச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. சங்கிலியின் கடைசி வளையத்தைத் தொட்டுக்காட்டி, இரண்டு கையையும் விரித்து, விமானம்போல் உறுமிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடிக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். தம்பி சிரிக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்.

"பேப்பரெல்லாம் தீந்தா பிளேன் வருமாக்கா?"

"வரும்."

"அம்மா வருமா?"

வெள்ளக்கா போகப்போகிறாள் என்று அவனிடம் சொல்லக் கூடாது என்பது அத்தையின் கட்டளை. தவிர, எனக்குப் பசியாக இருந்தது. வரும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிக்க அடம்பிடித்தால், "அம்மா வராது" என்பேன். ஓடிவந்து தலையைக் கொடுப்பான். சோற்றைத் துப்பினால், "அப்ப அம்மா வராது" என்பேன். விழுங்குவான். இத்தனை சுலபமாக ஒரு பிள்ளையை வளர்க்க முடியும் என்று அத்தைக்கே தெரிந்திருக்காது.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பம்புசெட்டில் அவனைக் குளிப்பாட்டக் கால்சட்டையைக் கழற்றினால் பையில் ஒரு சிவப்புக் காகிதம். மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது முக்காலியில் ஏறி ஒரு வளையத்தைத் தானே கிழித்திருக்கிறான். ஏன்டா என்றதற்கு, "சீக்கிரம் வரும்ல" என்றான். எனக்கு ஆத்திரம். பழி என் மேல் வந்துவிழும் என்ற பயமும்தான்.

"திருட்டுத்தனம் பண்ணிட்டல்ல, இனிமே அம்மா வரவே வராது போ."

சொல்லிவிட்டு, அந்தச் சிவப்புக் காகிதத்தைக் கசக்கி, காய்ந்து கிடந்த வாய்க்காலில் எறிந்தேன். அவன் அழுதான். மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கொடுத்ததும் நிறுத்திவிட்டான். விஷயம் அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் வெள்ளக்கா சங்கிலியை எண்ணிப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அதனால் சங்கிலி ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. கடைசி வளையம் கிழிபட்ட சாயங்காலம் தம்பி தீபாவளிச் சட்டையைப் போடச் சொல்லி அடம்பிடித்து, அதைப் போட்டுக்கொண்டு பால்வாடி கேட்டில் உட்கார்ந்தான். பிள்ளைகளை அழைக்க வந்த அம்மாக்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். வெள்ளக்கா தன்னைப் பிரியப்போகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தலையைக் கோதி, ஒரு விரலைக் காட்டினாள். இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று அர்த்தம். அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஒவ்வொரு பிள்ளையையும் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று வெள்ளக்கா சார் மூலமாகச் சொன்னாள். அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. "மத்த புள்ளைங்ககிட்ட வேணா சொல்லட்டுங்க. இவன்கிட்ட வேணாங்க. ஒரு தடவ ஏங்குனது போதுங்க" என்றாள். வெள்ளக்கா சமையலறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். பதினெட்டு வயதுப் பெண். அன்றைக்கு எனக்கு அவள் பெரிய மனுஷியாகத் தெரிந்தாள்.

தம்பியை அப்புறப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் அன்றைக்கு எங்கள் பக்கம் வந்து சேரும் என்றார்கள். வெண்ணாற்றுக் கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. சருகும் நுரையுமாகத் தண்ணீர் மணலை நனைத்துக்கொண்டு வந்ததும் பெண்கள் பூவைப் போட்டுக் கும்பிட்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி முழங்காலளவில் நின்று முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டார். அது அம்மாவை அனுப்பி ஐந்து மாதம் கழித்து வந்த தண்ணீர் என்பது அவருக்குத் தோன்றியிருக்கும். தம்பி தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் திரும்பியபோது பால்வாடியில் பிஸ்கட் டின் மட்டும் ஜன்னலோரம் இருந்தது.

"வெள்ளக்கா கடைக்குப் போயிருக்கு" என்றாள் அத்தை.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. காய்ச்சல் வரவில்லை, துரும்பாகவும் இல்லை. மூன்று வேளையும் சாப்பிட்டான். வானத்தில் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்குவதில்லை. புள்ள மறந்துட்டான் என்று அத்தைக்கு நிம்மதி. தன் யோசனை பலித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

அம்மா வந்தது ஆறு வருடம் கழித்து. திருச்சியிலிருந்து வந்த காரில் இறங்கி வாசலில் நின்றவளைப் பார்த்து, ஒன்பது வயதுத் தம்பி, "வாங்க" என்றான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். எங்கள் வீட்டில் அம்மாவை யாரும் வாங்க போங்க என்பதில்லை. அம்மா அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது அம்மா இல்லை. தம்பி தஞ்சாவூரில் வேலையில் இருக்கிறான். கடைசிவரை அவளை ஒருநாளும் ஒருமையில் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் செய்தான், அதுமட்டும் அவனுக்கு வரவில்லை.

வெள்ளக்கா போன அடுத்த வாரம் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், தம்பி கொல்லைப் பக்கம் அந்த பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அத்தையிடம் கேட்டு வாங்கிவந்திருக்கிறான். தட்டிலிருந்து சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி, கிழிந்த வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் சோறு. சாதத்தை வீணாக்குகிறான் என்று அத்தை ஒரு அடி வைத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. வெள்ளக்கா மேல் உள்ள ஆசையில் செய்கிறான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வெள்ளக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தான் திருட்டுத்தனமாகக் கிழித்ததால்தான் அம்மா வரவில்லை, கிழித்ததை எல்லாம் ஒட்டிவிட்டால் தப்பு நேராகிவிடும் என்று அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறது. அந்தத் தண்டனையை அதற்குச் சொன்னவள் நான். அப்போது எனக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை.

முழுவதையும் ஒட்டி முடித்து, இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் கொண்டுவந்தான். "எண்ணுக்கா. சரியா இருக்கா?"

எண்ணினேன். பத்தொன்பது.

"ஒண்ணு கொறையுதுடா" என்று சொல்லிவிட்டு, தெருவில் பாண்டி ஆட ஓடிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல அம்மா குவைத்திலிருந்து அப்பாவின் செல்லுக்குக் கூப்பிட்டாள். என்னிடம் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "தம்பி என்னக் கேக்குறானாடி?"

"இல்லம்மா. அவன் இப்பல்லாம் கேக்குறதே இல்ல" என்றேன். அம்மாவுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு நல்ல செய்தி இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.