புகை வரும் கொட்டகைக்குக் காப்பீடு

மார்லிஸ் நிஸ்கலாவின் வீட்டுக்கும் காருக்கும் சேர்த்துக் காப்பீடு கொடுத்திருந்த பெரிய கம்பெனியிலிருந்து அக்டோபர் கடைசியில் ஒரு பெண் போனில் பேசினாள். இனிமையான குரல். எங்கோ நன்றாக வெயில் அடிக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"மேடம், உங்க வீட்டை மேல இருந்து படம் எடுத்திருக்கோம். பின்னாடி இருக்கறது தோட்டக் கொட்டகைன்னு சொல்லியிருக்கீங்க. ஆனா அதோட கூரையில இருந்து புகை வருது."

"ஆமா. அன்னிக்குச் சனிக்கிழமை," என்றாள் மார்லிஸ்.

இதற்கு மேல் என்ன விளக்கம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில், பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் அந்தச் சாலையில், சனிக்கிழமை மாலை எல்லார் வீட்டுக்குப் பின்னாலும் புகை வரும். விறகடுப்பு மூட்டி, மேலே கற்களைக் காயவைத்து, தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து எழுந்தால்தான் வாரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பெயர் சவுனா. வெளியூர்க் கம்பெனிகள் அந்தப் பெயரைக் கேட்டாலே பின்வாங்கும் என்பதால், அந்தச் சாலையில் இருந்த சவுனா எல்லாமே காகிதத்தில் கொட்டகைகள்தான்.

அந்தப் பெண் இனிமை குறையாமல் விஷயத்தைச் சொன்னாள். நவம்பர் நடுவில், மான் வேட்டைக்கு முந்தின நாளோடு, வீட்டுப் பாலிசியும் கார் பாலிசியும் முடிகின்றன. புதுப்பிக்க மாட்டார்கள்.

மார்லிஸ் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய பிழைப்பு முழுவதும் அந்த இரண்டு பாலிசியில் மாட்டியிருந்தது. தபால் கொண்டுபோய்ப் போடுவது அவள் வேலை. கிராமத்துச் சாலைகளில் தபால் போடுகிறவர்கள் சொந்தக் காரில்தான் போக வேண்டும். காப்பீடு இல்லாத காரில் தபால் ஏற்றவிட மாட்டார்கள். வேலை போனால் வங்கித் தவணை நிற்கும். பனி பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்த கணவன் கேரியின் பங்கையும் வாங்கி, வீட்டைத் தன் ஒருத்தி பேருக்கு மாற்றிக்கொள்ள வாங்கின கடன் அது. வீட்டுக்குக் காப்பீடு இல்லையென்றால் வங்கியும் சும்மா இருக்காது. கேரி போன அந்தக் கோடையில், தம்பி ராண்டியைக் கூட வைத்துக்கொண்டு அவள் முதலில் கட்டியதே அந்தச் சவுனாவைத்தான்.

"கேரி இருந்த வரைக்கும் அப்பா வீட்டுக்குப் போய்க் குளிச்சேன். இனிமே என் வீட்டுலயே குளிப்பேன்," என்று சொல்லித்தான் முதல் ஆணியை அடித்தாள்.

வேறு கம்பெனிகளுக்குப் போன் போட்டாள். ஒவ்வொரு இடத்திலும் அவள் கார் ஓட்டும் விதத்திலேயே பேச்சு இடறி விழுந்தது. தபால் பெட்டிகள் சாலையின் வலப்பக்கம் இருக்கும். அதனால் அவள் தன் பழைய ப்யூக் காரின் வலது சீட்டில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதித்து ஓட்டுவாள். அந்தப் பக்கத்தில் பாதித் தபால்காரர்கள் அப்படித்தான்.

"அப்போ டிரைவர் சீட்டுல யாரு மேடம் இருப்பாங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"யாரும் இல்ல. தபால் மூட்டை இருக்கும்."

அவன் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவன்தான். பிறகு கூப்பிடவே இல்லை.

மிச்சம் இருந்தது வடகரைக் கம்பெனி. ஏரிக்கரையில் இருக்கும் ஏழெட்டு ஊர்களைத் தாண்டி அதன் பெயரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். விவசாயிகள் சேர்ந்து தொடங்கினது. பாலிசி எடுத்தவர்கள்தான் முதலாளிகள். விளம்பரம் கிடையாது. அது நல்ல கம்பெனியா, நொண்டிக் கம்பெனியா என்று மார்லிஸுக்குத் தெரியாது.

இணையத்தில் நட்சத்திரம் எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் தினமும் எல்லா வீட்டு வாசலிலும் அவள் கார் நின்று போகும். அந்த வழியிலேயே விசாரிக்கத் தொடங்கினாள். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டாள். நஷ்டப்பட்டவர்களிடம் மட்டும்தான் கேட்பது. பணம் கட்டுகிற வரைக்கும் எல்லாருக்கும் எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான்.

முதலில் டுவேன். நசுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறைக்காரன். மான் மோதின கார் எல்லாம் அவனிடம்தான் வரும்.

"பெரிய கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான் தெரியுமா," என்றான் டுவேன், கையைத் துடைத்துக்கொண்டே. "போன்ல ஃபோட்டோ எடுத்து அனுப்புன்னுவான். ஃபோட்டோவுல சேஸிஸ் வளைஞ்சது தெரியுமா? தெரியாது. அப்புறம் என்கிட்ட சண்டை போடுவான். வடகரைக்காரன் நேர்ல வந்து வண்டிக்கு அடியில படுத்துப் பார்ப்பான். போன வாரம் படுத்தவன் தூங்கிட்டானோன்னு பயந்துட்டேன்."

"பணம்?"

"நிதானமா வரும். ஆனா வரும். அவசரத்துக்கு ஆகாது, மார்லிஸ். நம்பிக்கைக்கு ஆகும்."

அடுத்து பெவர்லி சாரி. முந்தின வருஷம் மாட்டுக் கொட்டில் எரிந்துபோனவள். வடகரைக் கம்பெனி என்றதுமே முகம் இரண்டு விதமாகப் போயிற்று.

"நெருப்பு அணையறதுக்குள்ள வந்து நின்னாங்க. அதை மறக்க மாட்டேன். ஆனா என் வைக்கோல் கட்டுற மெஷினுக்குப் பழைய விலைதான் போட்டாங்க. ‘பழசுதானே பெவர்லி’ங்கிறான். பழசுதான், ஓடுச்சே. நீ சேர்றதா இருந்தா, எரிஞ்சா புது விலை தரணும்னு முன்னாடியே எழுதி வாங்கிக்கோ. நான் கேக்கல. நீ கேளு."

இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. தபாலும் கையுமாக மார்லிஸ் கேட்டறிந்தது இவ்வளவுதான்: வருவார்கள், பார்ப்பார்கள், தருவார்கள், பழைய சாமானுக்குக் கிள்ளித்தான் தருவார்கள். மோசமில்லை என்று தோன்றியது. வடகரைக் கம்பெனியின் ஆய்வாளருக்குப் போன் போட்டாள். அவர் பெயர் கிளேட்டன் ஹாபோயா. சனிக்கிழமை மதியம்தான் வர முடியும் என்றார். அன்றைக்கே மாலையில் வேட்டைக் குடிலுக்குக் கிளம்புகிறார். ஊரே கிளம்பும். அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்தப் பக்கத்தில் எந்த ஆண்பிள்ளையையும் எந்த வேலைக்கும் பிடிக்க முடியாது.

பெரிய கம்பெனியின் பாலிசி முடிவதும் அதே சனிக்கிழமைதான்.

சனிக்கிழமை காலையில் ராண்டி தன் டிரக்கில் புல்வெட்டும் மெஷின், மண்வெட்டி, பழைய சைக்கிள், பூந்தொட்டிகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். சவுனாவுக்குள் அடைத்துவைத்துக் கொட்டகையாக்கிவிடலாம் என்பது அவன் திட்டம். வந்தவன் புகைபோக்கியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். மார்லிஸ் அடுப்பை மூட்டியிருந்தாள்.

"அக்கா, உனக்குப் புத்தி கித்தி கலங்கிருச்சா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அந்த ஆளு இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துருவாரு. புகையைப் பார்த்தா பாலிசி எழுதுவாரா?"

"எழுதலேன்னா இன்னிக்கே தெரிஞ்சுரட்டும். இப்போ புகையைப் பார்த்துப் பயப்படறவன், நாளைக்கு வீடு எரிஞ்சா அதே புகையைச் சொல்லிக் கையை விரிப்பான். ஒரு தடவை பொய் சொல்லி மாட்டினது போதும்டா."

"எழுதலேன்னா திங்கக்கிழமை தபால் எப்படிப் போடுவே? என் புல்வெட்டுற மெஷின்லயா?"

 மார்லிஸ் போய் இன்னும் இரண்டு விறகை உள்ளே தள்ளினாள்.

கிளேட்டன் ஹாபோயா ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியோடு வந்தார். டிரக்கின் பின்னால் தூங்குவதற்கான பையும் சாப்பாட்டுப் பெட்டிகளும் கட்டியிருந்தன. நெடிய மனிதர். பேச்சு குறைவு. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீடு முழுக்கச் சாக்ஸோடு நடந்து பார்த்தார். கூரையைப் பார்த்தார். கீழறையில் தண்ணீர்க் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு காரிடம் வந்தார்.

"இதை வலது பக்கம் உக்காந்து ஓட்டுவீங்கன்னு சொன்னாங்க."

"ஓட்டிக் காட்டவா?"

ஓட்டிக் காட்டினாள். வாசலிலிருந்து சாலை வரைக்கும் பின்னோக்கி ஒரே வீச்சில் போய், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் விரல் இடைவெளியில் நிறுத்தி, திரும்பி வந்தாள். கிளேட்டனும் உட்கார்ந்து முயன்று பார்த்தார். அவருடைய இடது கால் பாதி வழியிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்துதான் அவரை வெளியே இழுத்தார்கள்.

"காருக்கு எழுதிடலாம்," என்றார், முட்டியைத் தேய்த்துக்கொண்டு. "எத்தனை வருஷமா எதுலயும் மோதாம ஓட்டுறீங்க?"

"மான்தான் வந்து என் மேல மோதியிருக்கு. நான் எதுலயும் மோதினதில்ல."

"மான் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பிரேக் போடுவேன். வண்டியைத் திருப்ப மாட்டேன்."

"சரியான பதில். இப்போ உங்க கேள்வியைக் கேளுங்க. கேக்கணும்னு நினைச்சிட்டிருக்கீங்க."

"இந்தப் பக்கமே பத்தி எரிஞ்சா உங்க குட்டிக் கம்பெனி எங்க இருந்து பணம் தரும்?"

கிளேட்டன் முதல் முறையாகச் சிரித்தார். "நாங்களும் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோம். எங்களைவிடப் பெரிய கம்பெனிகிட்ட. எங்களால தாங்க முடியாததை அவங்க தாங்குவாங்க. வேணும்னா கணக்கை ஆபீஸ்ல வந்து பாருங்க, சேர்ந்துட்டா நீங்களும் ஒரு முதலாளிதானே." பிறகு பின்பக்கம் திரும்பினார். "சவுனா சூடா இருக்குன்னு நினைக்கிறேன்."

ராண்டி தன் டிரக்கின் டயரைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினான்.

உள்ளே போன கிளேட்டன் முதலில் தொப்பியைக் கழற்றினார். அடுப்பின் காலடியைப் பார்த்தார். புகைபோக்கியின் இணைப்புகளைப் பார்த்தார். கடைசியில் அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"இந்தச் சுவர் யார் கட்டினது?"

"கோடைக்காலத்துல கட்டினோம்," என்றான் ராண்டி வெளியிலிருந்தே. "அப்போ சில்லுன்னுதான் இருந்துச்சு."

"அடுப்பு ரொம்ப நெருக்கம். பலகை உள்ளுக்குள்ள காய்ஞ்சு காய்ஞ்சு ஒருநாள் தானா தீப்பிடிச்சுக்கும். தகடு அடிச்சு, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவுல காத்துப் போக இடம் விட்டிருக்கணும்." மார்லிஸைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. இப்படியே எழுத முடியாது. வேட்டை முடிஞ்சு வந்து பார்க்கறேன்."

"வேட்டை முடிஞ்சு வர்றப்போ எனக்கு வேலை இருக்காது."

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

மார்லிஸ் ஒரு நிமிஷம் அந்தச் சுவரையே பார்த்தாள். ஐந்து வருஷமாக அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஒருவர்கூடக் கையை வைத்துப் பார்த்ததில்லை. மேலிருந்து படம் எடுத்தவர்களும் பார்த்ததில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. இரண்டு வாரமாகத் தேடின ஆள் இவர்தான்.

"நீங்க எப்போ கிளம்பணும்?"

"இருட்டறதுக்குள்ள குடிலுக்குப் போய்ச் சேரணும்."

"சமையலறை அடுப்பு மேல காப்பி இருக்கு. ஓவன்ல பன்னுகாக்கு இருக்கு, முட்டையும் பாலும் ஊத்திச் சுட்டது. முழுசையும் சாப்பிடுங்க. மெதுவாச் சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் தகடு அடித்தாக வேண்டும். மூட்டின அடுப்பை அணைப்பதே பெரிய பாடாகிவிட்டது. எரிகிற கட்டைகளை மண்வெட்டியில் வாரி வாரிச் சரளைக்கல் மேல் கொட்டினாள். ராண்டி அவற்றின் மேல் பனியைத் தள்ளினான். வீட்டுக் கூரை மாற்றியபோது மிஞ்சின தகடு கராஜில் கிடந்தது. பழைய இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே முட்டுக் கொடுத்தாள். அடுப்பின் சூடு இன்னும் தணியவில்லை. கையுறையைத் தாண்டிச் சுட்டது. ராண்டி தகட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு மூச்சு புலம்பினான்.

"அக்கா, என் கை வெந்துருச்சு."

"வேகட்டும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே வெந்திருக்கணும்."

"புல்வெட்டுற மெஷினை உள்ள வெச்சிருந்தா இந்நேரம் நான் வேட்டைக்குப் போயிருப்பேன்."

"வாயை மூடிட்டு நேராப் பிடிடா."

கீழேயும் மேலேயும் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கடைசித் திருகாணியை இறுக்கினாள். மறுபடியும் மூட்டினாள். இந்த முறை சாதாரணச் சனிக்கிழமைக்கு எரிப்பதைவிட அதிகமாகவே எரித்தாள். கற்கள் கனன்றதும் வீட்டுக்குள் போய் ஆய்வாளரைக் கூப்பிட்டாள். பன்னுகாக்குத் தட்டில் துணுக்குகூட மிச்சமில்லை.

கிளேட்டன் குனிந்து தகட்டுக்குப் பின்னால் கையை நுழைத்துச் சுவரைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. இந்த வருஷம் பனி சீக்கிரம் வந்துவிட்டது என்றார். ஏரி சீக்கிரம் உறையும் போலிருக்கிறது என்றார். கை அங்கேயே இருந்தது. மார்லிஸ் அவர் பேசின எதையும் கேட்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில்லுன்னு இருக்கு," என்றார் கடைசியில். "எழுதிடறேன்."

"எரிஞ்சா புது விலை," என்றாள் மார்லிஸ். "வீட்டுக்கும், உள்ள இருக்கற சாமானுக்கும், இந்தச் சவுனாவுக்கும். சவுனான்னே எழுதணும்."

கிளேட்டன் நிமிர்ந்து பார்த்தார். "பெவர்லி சாரிகிட்ட பேசியிருக்கீங்க."

"பேசினேன்."

"பிரீமியம் கொஞ்சம் ஏறும்."

"ஏறட்டும்."

அவர் தலையாட்டினார். பிறகு கற்களையும் மேல் பலகையையும் ஒரு பார்வை பார்த்தார். "இவ்வளவு சூட்டை வீணாக்கறது பாவம்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. மார்லிஸ் குளித்துத் துடைக்க இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆண்கள் இருவரும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆய்வாளர் நண்டுபோலச் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்ட, சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு பாலிசியையும் எழுதினார். கார், வீடு, சவுனா. மார்லிஸ் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அவர் கிளம்பும்போது மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது.

கடைசியாக அவள் சவுனாவுக்குள் போனாள். மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து கற்களில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். ஆவி சீறிக்கொண்டு மேலே வந்து தோளில் இறங்கியது. வெளியே ராண்டி வேட்டைக் குடிலில் இருக்கும் கூட்டாளி எவனுக்கோ போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்தாளே அசந்துட்டாரு. கையை எடுக்கவே மனசு வரல அவருக்கு. தகடு அடிச்சது யாரு? நான்தான்."

மார்லிஸ் பலகையில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.